கைதை பிடித்த கரை

என் மனைவியை வீட்டுக்குப் பின்னால், ஆற்றோரத் தென்னந்தோப்பில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். நாங்கள் அய்யாவழிக்காரர்கள். எரிப்பதில்லை. வடக்கு முகமாக உட்கார வைத்து மண்ணுக்குக் கொடுத்துவிடுவோம். அந்த மண்ணைத்தான் ஆறு கேட்க ஆரம்பித்தது.

ஆறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகம் எங்களுக்குப் பக்கம். இப்போதெல்லாம் கடல் பொங்கினால் உப்புத்தண்ணீர் தோப்பு வரை ஏறுகிறது. மழைக்கு மழை கரை இடிந்து, அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒற்றைத் தென்னைதான் மிச்சம். அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டிக்கொண்டு குழித்துறைப் பக்கம் போய்விட்டார்கள்.

துபாயிலிருந்து மகள் கூப்பிட்டாள். "உலகமே சூடாவுதுப்பா, கடல் இன்னும் ஏறும். கருங்கல்லு வச்சுக் கெட்டிருங்க. இல்லன்னா விட்டுட்டு இங்க எங்கூட வந்துருங்க."

மேலத் தோப்பில் கட்டிய கல்லின் அடியை ஆறு தோண்டிச் சரித்ததைப் பார்த்தவன் நான். தாழையை நாங்கள் கைதை என்போம். "கைதை வைக்கப்போறேன் மக்கா. அது வேரு மண்ணை விடாது."

"கைதைக்குப் பாம்பு வருமே."

"வரட்டு. பேசதுக்கு ஒரு ஆளாச்சு."

மகள் சிரிக்கவில்லை.

ஆட்டோ ஓட்டும் மச்சினனிடம் கைதைக் கன்று கேட்டேன். வண்டி நிறைய அன்னாசிக் கன்றை, நாங்கள் கைதச்சக்கை என்பதை, கொண்டுவந்து இறக்கினான்.

"ஏலே, என்னது இது?"

"கைதைன்னுதானே சொன்னீய அத்தான்? கைதச்சக்கை தின்ன ஆசையாக்கும்னு நெனச்சேன்."

"ஆத்துக்கு ஊட்டவா? முள்ளுத் தாழைலே, தாழை!"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவன் அக்கா போனபிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். மறுநாள் ஓடைக்கரையில் தாழங்கொம்பு வெட்டி வந்தான். தென்னைக்கும் அவளுக்கும் நடுவே, சேற்றில் நின்று நட்டோம். கையெல்லாம் முள் கீறல். சாயங்காலம் அவன் போய்விட்டான்.

அப்புறம் நான் மட்டும். விடியற்காலையில் "அய்யா சிவசிவ" என்று நாமம் இட்டுவிட்டு, நேரே கரைக்குத்தான் போவேன். சில மழைக்காலம் கழிந்தது. கொம்புகள் புதராகி, விழுதுபோல வேர் இறக்கின.

போன ஐப்பசியில் ஆறு கலங்கிப் பொங்கியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றேன். தென்னை சாய்ந்து தண்ணீரோடு போயிற்று. கைதை நின்ற இடத்தில் ஒரு பிடி மண் போகவில்லை. அய்யா காத்தார். கூப்பிட்டுக் காட்ட அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை.

மகளிடம்தான் சொன்னேன். "கரை நின்னுட்டு மக்கா."

"அப்போ நீங்க இங்க வரமாட்டீங்க, இல்லியாப்பா?"

போனைக் காதில் வைத்தபடியே கரைக்கு நடந்தேன். அதன்பிறகு அவள் அதைக் கேட்பதில்லை.