பால் மறந்த வாரம்

வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடப் பார்த்தபடி டீச்சர் வீட்டுக் கூடத்தில் என் மகன் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. கை உச்சந்தலை வரைக்கும்தான் போயிற்று. ரெண்டரை வயசுப் பிள்ளைக்கு அதற்கு மேல் எப்படிப் போகும்? ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது வந்துவிட்டதா என்று பார்க்க, எங்கள் பக்கத்து வாத்தியார்கள் காது எட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் அந்தச் சோதனைக்கு இந்தப் பொடியனைத் தினமும் சாயங்காலம் தயார் செய்தார். எட்டாவிட்டால் கழுத்தைச் சாய்த்துக்கொள் என்று தந்திரம் வேறு. யாரும் கேட்காமலே, உள்ளே நுழைந்ததும் பிள்ளை கையைத் தூக்கிவிட்டான். “கையை எறக்கு சாமி, இங்க காதுக்கு ஒரு வேலயும் இல்ல” என்றார் டீச்சர். அவன் இறக்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

இப்போது என் மருமகள் சென்னையிலிருந்து போனில் கேட்கிறாள். “அத்தை, பாப்பாவ மாண்டிசோரியில இப்பவே சேத்துடலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?” பிள்ளை அதற்குத் தயாரா என்று பார்க்க அவள் செல்போனில் என்னென்னவோ அடையாளங்கள் போட்டிருக்கிறதாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த டீச்சரிடம் தெரிந்துகொண்டதுதான்.

மாண்டிசோரி என்ற பேரே அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் பலர் வாயில் நுழையாது. ‘பாய் போட்டு உக்கார வெக்கிற ஸ்கூலு’ என்பார்கள். டீச்சர் மெட்ராசில் பயிற்சி எடுத்து வந்து, தன் ஓட்டு வீட்டிலேயே நடத்தினார். அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் பாயைத் தானே விரித்து, ஒரு வேலையை எடுத்துச் செய்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டும். டீச்சர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

நான் அங்கே போனது ஆசைக்கு இல்லை, அவசரத்துக்கு. கல்வராயன் மலையில் எனக்கு நர்ஸ் வேலை. காலை பஸ்ஸில் ஏறினால் சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, புருஷனுக்கு மாற்றலாகித் திருக்கோவிலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டீச்சர் சேர்த்துக்கொள்ளாவிட்டால் நான் வேலையை விட வேண்டியதுதான். படாத பாடு பட்டு வாங்கிய அரசாங்க வேலை. “எழுதிக் குடுத்துட்டு வூட்ல இரு” என்று சொல்வதற்குச் சொந்தக்காரர்கள் எப்போதடா என்று காத்திருந்தார்கள்.

டீச்சர் ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலையைப் போட்டு, இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொல்லிக் காட்டினார். மகன் ஒரு கையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு மறு கையால் கவிழ்த்தான். கடலை கூடமெங்கும் ஓடியது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சட்டென்று குனிந்து பொறுக்கினேன். டீச்சர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்மா. கொட்டினதும் உங்கள இல்ல தேடறான்? தானா குனிஞ்சி பொறுக்கறப்போ கூப்டுகினு வாங்க.” தாய்ப்பால் குடிக்கிறானா என்று கேட்டார். வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை, தூங்கப் போகும்போது ஒரு தடவை என்றேன். “குடிக்கட்டும், தப்பில்ல. ஒண்ணுக்கு வந்தா சொல்லணும், நீங்க அடுத்த ரூமுக்குப் போனா பதறாம இருக்கணும், கையில இருக்கற வேலய முடிக்கணும்னு அவனுக்கே தோணணும். வயசு இன்னா, அது பாட்டுக்கு ஏறும்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடலை பொறுக்கத் தெரியாததற்காக என் பிழைப்பு போக வேண்டுமா? வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அக்கா கிளம்பிய மறுநாள், வீட்டுக்காரர் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, வேலையை விடுவதைப் பற்றி டாக்டரிடம் பேச நான் மலைக்குப் போனேன். அன்றைக்கென்று பார்த்து மறியல் தொடங்கியது. இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலையில் இறங்கிய காலம் அது. புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, போன் இல்லை. மலையிலேயே மாட்டிக்கொண்டேன். நான் பிறந்த எலவனாசூர்கோட்டையில் என் பங்காளிகளே ரோட்டில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று கேட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் மார்புக்கு அதெல்லாம் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. பீய்ச்சி ஊற்றும்போதெல்லாம் அவன் அழுகை காதில் விழுகிற மாதிரி இருக்கும். ஊசி போட வந்த தாய்மார்களுக்கு நான் தைரியம் சொன்னது போய், அவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

வாரம் முடிகிற நேரத்தில், ஆனது ஆகட்டும் என்று நடந்தே இறங்கினேன். அடிவாரம் தாண்டி, வெட்டிப் போட்ட மரத்தின் மேல் ஏறி இறங்கும்போது அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். “இன்னா நர்சம்மா, தனியா நடந்து போய்க்கினு?” என்றார். “புள்ள பால் குடிக்குதுய்யா” என்றேன். அவர் திரும்பி, “டேய், சைக்கிள எடு. அம்மாவ வூட்ல உட்டுட்டு வா” என்று குரல் கொடுத்தார்.

வாசலில் வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் தானாக மொண்டு குடித்தறியாத மனிதர். எங்கே பிள்ளை என்றேன். “டீச்சர் வூட்ல. மொத நாள் பூரா அழுதான். அழுவறான்னு கேள்விப்பட்டு அவங்களே வந்து தூக்கினு போனாங்க. பகல்ல அங்கதான் இருக்கான்.”

ஓடினேன். மறியலால் வேறு பிள்ளைகள் யாரும் வராத அந்தக் கூடத்தில், ஒரு பாயில் உட்கார்ந்து, சின்னச் செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. எழுந்து ஓடி வருவான் என்று கையை விரித்தேன். “இரும்மா” என்றான். டம்ளர் நிறைகிற வரை ஊற்றி, பாயில் சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வந்தான். வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். என் ரவிக்கை அதற்குள் நனைந்திருந்தது. அவன் பாலைத் தேடவில்லை. விலகி நின்று அந்த ஈரத்தைப் பார்த்தான். கையில் இருந்த துணியாலேயே என் மார்பைத் துடைத்துவிட்டான்.

டீச்சர் என்னைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். அங்கே உட்கார்ந்து நான் அழுத அழுகை! நான் இல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டானே என்ற வயிற்றெரிச்சல். வேலை தப்பியதே என்ற நிம்மதியும் கூடவே. டீச்சர் கொல்லைச் செடியிலிருந்து மல்லிகை பறித்து வந்தார். பால் வற்ற மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது எனக்குத் தெரியாததா? எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் கை ஓடவில்லை. அவரே கட்டிவிட்டார். “திங்கக்கெழமயிலேர்ந்து வரட்டும்” என்றார்.

திங்கட்கிழமை அவனை விட்டுவிட்டு மலை பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் தலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “தலயில பூவே காணோம், வாசன மட்டும் இப்டி தூக்குதேக்கா” என்றாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.