கழுவின முட்டையும் கழுவாத முட்டையும்

நாட்டுக்கோழி முட்டை விற்கிறவளுக்குக் கோழியால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லாத் தொல்லையும் முட்டை ஓட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற எச்சத்தால்தான். வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி விட்டிருக்கிற உங்களுக்கு இது புரியும். நான் காரிமங்கலம் பக்கத்தில் முப்பது கோழி வைத்திருக்கிறேன். அலுப்பும் முப்பது பங்கு.

டீச்சர் வீட்டு ஆம்லெட்

தர்மபுரியில் ஒரு டீச்சர் வாராவாரம் முட்டை வாங்குவார். ஒருநாள் எச்சம் ஒட்டியிருந்த நாலைந்தைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த வாரத்து முட்டைகளை பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தேன். சித்திரை வெயில். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"பாக்க பளிச்சுனு இருக்குதுங்க, உடைச்சா வூடே நாறுது. அழுக்கா குடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?"

வத்தல்மலைக்காரர்

மாதையன் வத்தல்மலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். கீரி பிடித்தது போக அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு பெட்டைக்கோழி. அது அடைக்கு உட்கார்ந்திருந்தது. சேவல் இல்லாததால் அடைவைக்க முட்டை வேண்டும் என்றார். தூரத்திலிருந்து வந்த மனுஷன் என்று பதினோரு முட்டையையும் நன்றாகக் கழுவிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். பொரித்தது இரண்டுதான். மற்றதெல்லாம் கெட்டுப்போய், ஒன்று கோழிக்கு அடியிலேயே வெடித்திருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "இருபத்தோரு நாளு அது சரியா தீனிகூட எடுக்கலீங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே கால்நடை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறதாம். கழுவினால் அது போய்விடும். ஓட்டில் இருக்கிற நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் இன்னும் மோசம். அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்றார். அந்தக் கோழி மறுபடி அடைக்கு வந்தபோது, மாதையனுக்குக் கழுவாத முட்டையாகப் பார்த்துக் கொடுத்தேன். பிறகு அவரே போன் செய்தார்.

"ஒம்பது பொரிச்சிருக்குதுங்க. இந்த வாட்டி நீங்க ஒண்ணும் உதவி பண்ணலீங்க இல்ல, அதான்."

சந்தையில் ஒரு அம்மா

இனி துடைத்து மட்டும் விற்பது என்று முடிவு செய்து சந்தையில் உட்கார்ந்தேன். ஒரு அம்மா வந்து, சுத்தமாக இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, துடைத்தும் போகாமல் கறை படிந்திருந்ததாகப் பார்த்துப் பொறுக்கினார். ஏம்மா என்று கேட்டேன்.

"வெள்ளை முட்டையை டீத்தூள் தண்ணியில முக்கி நாட்டு முட்டைன்னு விக்கறாங்களாம். பீ ஒட்டியிருந்தாத்தானுங்க நம்பிக்கை!"

எங்கள் வீட்டுக்காரர்

வாங்குகிறவர்களிடமெல்லாம், "வெச்சிருக்கறப்ப கழுவாதீங்க, உடைக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, கையையும் கழுவுங்க" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். எச்சத்தோடு இருந்த முட்டையை அப்படியே தட்டி உடைத்து, அரைவேக்காட்டில் ஆஃப்பாயில் போட்டுச் சாப்பிட்டார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது என்னை முறைத்துக்கொண்டே சொன்னார்:

"நீதான கழுவாத, கழுவாதன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச?"

முட்டை போட்டுவிட்டுக் கோழி ஒரு தடவை கொக்கரித்துவிட்டுப் போய்விடுகிறது; மீதி நாளெல்லாம் கத்துவது நான்தான்.