சவரியம்மாளின் இடது கால்

பக்கவாதம் வந்து சவரியம்மாளின் இடது கையையும் காலையும் முடக்கிப் போட்டபோது வாயை மட்டும் விட்டுவைத்தது. அது அவளுக்கு அதிர்ஷ்டமா, புருஷன் ஆசீர்வாதத்துக்குச் சோதனையா என்று அந்தத் தெருவில் இன்னும் பேசித் தீரவில்லை.

கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வயல்களில் நடவு நட்டவள் அவள். அவள் குலவை போட்ட பிறகுதான் முதல் நாற்று சேற்றில் இறங்கும். நடவு மெஷின் திரும்ப முடியாத மூலை வயல் ஒன்று இன்னும் கை நடவுக்கு மிச்சமிருந்தது. சம்பா நடவுக்கு அந்த வயல் வரிசையிலாவது நின்றுவிட வேண்டும், நிற்க முடியாவிட்டால் இனிமேல் உட்கார்ந்த ஆள்தான் என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதி வைத்திருந்தாள்.

கை ஓரளவு தேறி, நாற்று முடியைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. காலுக்காகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சைக்கிள் மிதித்தாள். அவள் மிதிக்கிற வேகத்தைப் பார்த்து மற்ற நோயாளிகள் வாயைப் பிளந்தார்கள். சவரியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஃபெபிக்கு மட்டும் சந்தேகம். ஆராய்ச்சிக்காக வைத்திருந்த கருவியின் பட்டைகளை அவளுடைய இரண்டு கெண்டைக்காலிலும் கட்டினாள். தசை ஆக்சிஜனைச் செலவழிக்கச் செலவழிக்க அது திரையில் போடுகிற கோடு கீழே இறங்கும். மிதிக்க மிதிக்க வலது காலின் கோடு சரசரவென்று இறங்கியது. இடது காலின் கோடு அசையவே இல்லை.

"இந்தக் கோடு ஏன் பாப்பா தூங்குது?" என்று ஃபெபியிடம் கேட்டாள் சவரியம்மாள்.

"இடது கால் வேலையே செய்யலைம்மா. ரத்தம் கொண்டாந்த ஆக்சிஜனை வாங்காம திருப்பி அனுப்புது. வலது காலு ரெண்டு பங்கையும் சேத்து மிதிக்குது."

"சக்கரம் சுத்துதுல்ல, அப்புறம் என்ன?"

"ஆக்சிஜன் வேணும்னு கேக்காத காலுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிரும்மா. ரத்தக்குழாயும் விரிஞ்சு குடுக்குற பழக்கத்தை விட்டுரும். அந்தக் காலே பாடுபட்டுக் கேக்கணும்."

சவரியம்மாளுக்குச் சுருக்கென்றது. இந்த வித்தை அவளுக்குத் தெரியும். நடவு வரிசையில் ஒருத்தி இடுப்பு வலியோடோ மாசமாகவோ பின்தங்கினால், இரண்டு பக்கத்துப் பெண்களும் பேசாமல் கையை நீட்டி அவள் பங்கையும் நட்டுக்கொண்டே போவார்கள். வரிசை நேராகப் போகும், வரப்பில் நிற்கிற வயல்காரருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனையோ பேருக்கு அவளே நட்டுக் கொடுத்திருக்கிறாள். தன் வலது காலும் அதையே செய்யும் என்று அவள் நினைக்கவில்லை.

"எங் காலே என்னைய ஏமாத்திருச்சே!" என்று கண் கலங்கினாள். அடுத்த நிமிஷம் சிரித்தும் விட்டாள்.

ஃபெபி வலது காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்தாள். இடது கால் தனியாக மிதித்தது. மிதித்தது என்று சொல்வதே அதிகம், திணறியது. பல வாரங்கள் கழித்து ஒரு நாள் அந்தச் சோம்பேறிக் கோடு கொஞ்சம் இறங்கியது. சவரியம்மாள் அங்கேயே குலவை போட்டாள். நர்ஸ் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்.

வீட்டில் ஆசீர்வாதத்துக்குத்தான் கஷ்டம். தண்ணீர்ச் சொம்பு வரை கையில் கொண்டுவந்து கொடுத்துப் பழகிய மனுஷர். இப்போது கை கொடுக்கக் கூடாது என்று ஃபெபி சொல்லிவிட்டதால், அவள் தடுமாறி நடப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று.

சம்பா நடவும் வந்தது. "வரப்போரமா நில்லுங்க, கணுக்கால் அளவு சேத்துலதான், வீட்டுக்காரர் பக்கத்துலயே இருக்கணும்" என்று ஃபெபி அனுமதி கொடுத்திருந்தாள். சவரியம்மாள் குலவை போட்டு இறங்கினாள். நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஒவ்வொரு தடவையும் இடது காலைச் சேற்றிலிருந்து பிடுங்குவதற்குள் வரிசை தள்ளிப் போய்விட்டது. பக்கத்தில் நட்ட மரியபுஷ்பத்தின் கை தன்னால் நீண்டு அவள் பங்கில் நாற்றை ஊன்றியது.

"கையை எடு, புஷ்பம்!"

"பழக்கம்க்கா."

"அந்தப் பழக்கந்தான் எங் காலைத் தூங்க வச்சுது. என் பங்கு வெறுஞ் சேறாவே கெடக்கட்டும்."

எல்லோரும் முடித்து வரப்பேறிக் காத்திருந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் தீயாக எரிந்தது. "கேக்குது, கேக்குது" என்று முணுமுணுத்தபடி நட்டாள். அவள் பங்கு கோணலும் மாணலுமாகக் கடைசி நாற்று வரை முடிந்தது.

அவள் வரப்பேறக் காலைத் தூக்கித் தடுமாறியதும், அங்கே நின்றிருந்த ஆசீர்வாதம் பதறிக் கையை நீட்டினார். ஞாபகம் வந்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"இந்தாங்க, இப்பக் குடுங்க கையை" என்றாள் சவரியம்மாள். "என் வேலை முடிஞ்சிருச்சு."