பாய்லருக்கும் வால்வுக்கும் நடுவில்: இன்ஜினீயர் ஞானப்பிரகாசம்

கோட்டைப்பட்டினத்தில் என் மகள் வீட்டு வாசலில் எங்கள் மில் லாரி வந்து நின்றபோது, நெல் ஏற்ற இந்தப் பக்கம் வந்திருக்கிறது போலும் என்று நினைத்தேன். டிரைவர் இறங்கி வந்து தலையைக் குனிந்துகொண்டார். "பாய், நம்ம இன்ஜினீயர் சார் தவறிட்டாருங்க. காலையில சர்ச்சுக்குப் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தவரு எந்திரிக்கல. முதலாளி உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க." அதே லாரியில் ஏறிப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தேன்.

திரு. ஞானப்பிரகாசம் எங்கள் அரிசி மில்லுக்கு வந்தது, புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்த வருஷம். கப்பல்களில் இன்ஜினீயராக இருந்துவிட்டு, இனி சொந்த ஊர்ப் பக்கமே இருப்பது என்று முடிவெடுத்து வந்தவர். நான் அங்கே மேனேஜர். முதல் சந்திப்பிலேயே முதலாளி கருப்பையாவிடம், "பாய்லர் விசயத்துல நான் நிறுத்துன்னா நிறுத்தணும் முதலாளி. ஒத்துக்கிட்டா நாளைக்கே வாரேன்" என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அவர் கோபக்காரர். அதைச் சொல்லாமல் விட்டால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். என்னையும் திட்டியிருக்கிறார். மறுநாள் வந்து, "நேத்து எதுக்குப் பாய் ஒங்களத் திட்டுனேன்?" என்று நம்மிடமே கேட்பார்.

அவரை அறியாதவர்களுக்காக ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் மில்லில் ஊறிய நெல்லை பாய்லர் நீராவியில் அவித்துக் களத்தில் காய வைப்போம். பாய்லருக்குள் பிரஷர் அளவு மீறினால் தானே திறந்து நீராவியை வெளியே விடுவது சேஃப்டி வால்வு. அது பாய்லரின் உச்சியிலேயே இருந்தது. ஒருமுறை அது திறந்தபோது, கூரையில் மோதிக் கொட்டிய வெந்நீரில் களத்து வேலை செய்யும் ராக்காயியின் தோள் வெந்துவிட்டது. அப்போது இன்ஜினீயர் தங்கை கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். இனி யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்று முதலாளி ஒரு கான்ட்ராக்டரை வைத்து வால்வைச் சுவருக்கு வெளியே கொண்டுபோனார். பாய்லரிலிருந்து அதுவரை ஒல்லியான பைப் ஒன்று வளைந்து வளைந்து போயிற்று.

அதற்குப் பிறகு வால்வு ஒழுங்காகச் சீறவில்லை, படபடவென்று அடித்துக்கொண்டது. வால்வு மட்டம் என்று சொல்லிக் கான்ட்ராக்டர் புதிது போட்டார். அதுவும் அடித்துக்கொண்டது.

லீவு முடிந்து வந்தவர் களத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். "வால்வு மேல தப்பில்ல பாய். அதுக்கு வர்ற வழியிலதான் தப்பு" என்றார். பைப்பை அளந்தார். சாக்பீஸை எடுத்துக் களத்துச் சிமெண்டுத் தரையிலேயே கணக்குப் போட்டார். ஒவ்வொரு வளைவும் எத்தனை அடி நேர் பைப்புக்குச் சமம், பாய்லரின் முழு நீராவியும் ஓடினால் வழியில் எவ்வளவு பிரஷர் குறையும் என்று தரையில் எண்கள் நீண்டுகொண்டே போயின. நெல் துழாவிய பெண்கள் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

முதலாளி வந்தார். இன்ஜினீயர் விளக்கினார்: "வால்வு மூடியிருக்கயில நீராவி ஓடல. பாய்லர் பிரஷர் அப்படியே வால்வுக்குத் தெரியுது. தொறந்தவொடனே நீராவி ஓடுது, ஒல்லிப் பைப்புல வர்றப்பவே பிரஷர் கொறைஞ்சுபோகுது. பாய்லரே எறங்கிருச்சுன்னு வால்வு மூடிக்குது. மூடுனா மறுபடி ஏறுது, தொறக்குது. ஆனா பாய்லருக்குள்ள ஒண்ணும் கொறையல. இப்படியே அடிச்சுக்கிட்டா ஒருநாள் வால்வு ஒடையும், இல்ல தொறக்காம இறுகிப்போகும். இப்பவே நிறுத்தணும்."

"தை மாசம் சார்! தொட்டி பூராம் ஊறுன நெல்லு. நிறுத்துனா புளிச்சுப்போகும். ரெண்டு நாளு ஓட்டிட்டுப் பாப்பமே."

"நெல்லு புளிச்சா சோறு நாறும். பாய்லர் வெடிச்சா களத்துல ஆளு இருக்காது. நான் நிறுத்துறேன்."

"அப்ப நெல்லுக்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க" என்று முகம் சிவக்க ஆபீசுக்குள் போனார் முதலாளி. இன்ஜினீயர் பாய்லர் அடுப்பிலிருந்து நெருப்பை வெளியே இழுத்து அணைக்கச் சொன்னார். தொட்டியில் கிடந்தது முக்கால்வாசியும் சிறு விவசாயிகளின் நெல். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவரின் முகத்தில் அன்றுதான் நான் கலக்கத்தைக் கண்டேன்.

ராக்காயிதான் வழி சொன்னாள். "ஏன் சார், வீட்டுல அண்டாவுலதான அவிக்கிறோம்? ஊருல உள்ள அண்டாவ எல்லாம் கொண்டாருவோம். வாங்கடி!" களத்தின் ஓரத்தில் கல் கூட்டி அடுப்பு வைத்தார்கள். கப்பல் இன்ஜினீயர் கைச்சட்டையை மடக்கிக்கொண்டு, புகையில் கண்ணீர் வடிய விறகு சுமந்தார். ஆபீஸ் வாசலில் நின்று பார்த்த முதலாளி, கொஞ்ச நேரத்தில் தாமே வண்டி அனுப்பி விறகு வரவழைத்தார். அடியில் கிடந்த நெல் கொஞ்சம் புளித்தது, மற்றதெல்லாம் பிழைத்தது.

வால்வு பழையபடி பாய்லரின் உச்சிக்கே போயிற்று, குட்டையான அகலப் பைப்பின்மேல். வால்விலிருந்து வெளியேறும் நீராவிக்கு மட்டும், அதைவிட அகலமான பைப் கூரைக்கு மேலே போனது. "வர்ற வழி குட்டையா இருக்கணும். போற வழி தூரமாப் போகலாம், ஆனா தாராளமா இருக்கணும்" என்பார். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பின், இன்ஜினீயர் எங்களையெல்லாம் மில் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுப் பிரஷரை ஏற்றினார். வால்வு ஒரே முழக்கமாகத் திறந்து, விட வேண்டியதை விட்டு, ஒரே அடியாக மூடியது. "இப்பத்தான் ஒழுங்கா மூச்சு விடுது" என்றாள் ராக்காயி. இன்ஜினீயர் வாய்விட்டுச் சிரித்தார்.

அதன்பின் சுற்றுவட்டாரத்தில் எந்த மில்லில் பாய்லர் மாட்டினாலும் அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாத மில்லுக்கும் சில சமயம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார்.

மாலையில் அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பெட்டியைத் தூக்கும் நேரத்தில் முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். வயதான மனிதர். உறவினர் ஒருவர், "நாங்க இருக்கோம், நீங்க எதுக்குங்க?" என்று தடுத்தார்.

"என்னைய எதுத்துப் பேசி, என் களத்துல ஒரு சாவு விழாமப் பாத்த மனுசன். நான் தூக்காம யாரு தூக்குறது?"

தோள் கொடுத்தார். குழிக்குள் மண் போட்ட பிறகும் அவர் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. செம்மண் ஒட்டிய அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் கலையும்வரை அங்கேயே நின்றார்.

ஞானப்பிரகாசம் சார், உங்கள் உறக்கம் அமைதியாக இருக்கட்டும்.