மாட்டு ஏப்பமும் ஒரு பூஜ்யமும்

கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் பற்றி, அதை ஒருநாளும் பார்த்திராத ஆட்களிடம் கேட்டு எழுதுவதுதான் எங்கள் தொழில். விவசாயத்திலிருந்து கிளம்பும் வாயுக்களின் கணக்கைப் புதுப்பிக்கும் திட்டம் அது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்கள் சில என் பொறுப்பில் இருந்தன. பழைய கணக்கை எங்கோ உட்கார்ந்து போட்டிருந்தார்கள். அதில் எல்லா மாடும் ஒரே எடை, எல்லாப் புஞ்சைக் காடும் ஒரே காடு. அதைத் திருத்தத்தான் என்னைப் போன்றவர்களை வீடு வீடாக அனுப்பினார்கள். கையில் படிவத்தோடு உச்சி வெயிலில் அடுத்தவர் வாசலில் நின்று பழகியவர்களுக்கு என் பாடு புரியும்.

ஏப்பம்

வெம்பக்கோட்டைப் பக்கம் கருப்பசாமி என்று ஒரு விவசாயி, அந்தப் பக்கத்துப் பேச்சில் சம்சாரி. இரண்டு பசு வைத்திருந்தார். புது முறைப்படி மாட்டின் எடை வேண்டும். எடை மேடைக்கு எங்கே போவது? முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி டேப் பிடித்து, அந்த அளவை வைத்து எடையைக் கணக்கிடுவோம். டேப்பைப் பார்த்ததும் நான் மாட்டுத் தரகர் அனுப்பிய ஆள் என்று நினைத்து, மாடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

மாடு அசைபோடும்போது ஏப்பத்தில் ஒரு வாயு வருகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது, என்ன தீனி, எவ்வளவு எடை என்று தெரிந்தால்தான் அளவு சரியாக வரும் என்று விளக்கினேன். அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். அளக்கவும் விட்டார். நான் எழுதி முடித்த பிறகு நிதானமாகச் சொன்னார்: "அப்ப இம்புட்டு வெயிலுக்கும் எம் பசுதான் காரணம்னு எழுதிட்டுப் போறீக, அப்படித்தானே தாயி?"

யூரியா

காட்டில் போடும் யூரியாவிலிருந்தும் வாயு கிளம்பும். கடையில் விற்ற உரமெல்லாம் காட்டில் விழுந்துவிட்டது என்பது பழைய கணக்கு. அச்சங்குளத்தில் மக்காச்சோளம் போட்டிருந்த ஒருவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, சுவரோரம் போர்வை மடித்துப் போட்டிருந்த இடத்தைக் காட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு, யூரியா எத்தனை மூட்டை வாங்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டு என்றார். எழுதிக்கொண்டேன்.

காட்டில் எத்தனை போட்டீர்கள் என்றதும் கொஞ்சம் யோசித்தார். வானம் பார்த்த பூமி. மேலுரம் போட வேண்டிய நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டது. முழங்கால் உயரத்தில் கருகின பயிரை ஆட்டுக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். அப்படியானால் மூட்டைகள் எங்கே என்று கேட்டேன். "நீங்க உக்காந்திருக்கீகளே, அதான் தாயி."

பூஜ்யம்

அறுவடைக்குப் பின் காட்டில் எரித்த கழிவு எவ்வளவு என்று ஒரு கேள்வி. தாயில்பட்டியைச் சுற்றி நான் கேட்ட அத்தனை பேரும் எரிப்பதே இல்லை என்றார்கள். வரிசையாகப் பூஜ்யம் போட்டு அனுப்பினேன். மதுரையிலிருந்து எங்கள் மேற்பார்வையாளர் போன் செய்தார். மரியாதையான மனிதர். டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பினீர்களா என்பதைக்கூட மெதுவாகத்தான் கேட்டார். நான் போய்த்தான் கேட்டேன் என்றேன். நேரில் வந்து பார்ப்பதாகவும், சரியில்லை என்றால் என் படிவங்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டு, மாவட்டம் முழுக்க இவ்வளவு எரிகிறது என்ற பழைய விகிதத்தையே போட்டுவிடுவதாகவும் சொன்னார். 

அடுத்த வாரம் வந்தார். எந்தக் காடு என்பதை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன். கம்பி வேலியோரம் ஒரு பருத்திக் காட்டைக் காட்டினார். வேலிக்கு அப்பால் ஒரு பட்டாசு கம்பெனியின் சின்னச் சின்னக் கட்டடங்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன. முத்துலட்சுமி என்ற அம்மா காய்ந்த பருத்திச் செடிகளை, அவர்கள் சொல்லும் பருத்திமாரை, பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடு எதற்கு, ஒரு தீக்குச்சியில் முடிந்துவிடுமே என்றார் சார். மார் அடுப்புக்குப் போகும், மிச்சத்தை மண்ணோடு உழுதுவிடுவோம் என்றார் அந்த அம்மா. மூலையில் கொஞ்சம்கூட எரிப்பதில்லையா என்று சார் விடாமல் கேட்டார்.

அந்த அம்மா நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். "அங்கன எம் மக வேலை பாக்கா சார். இங்கன நின்னு நான் தீக்குச்சி உரசுவேனா?"

சார், அந்த அம்மா கட்டைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கொடுத்தார்.

புதுப் படிவம்

என் பூஜ்யங்கள் அப்படியே கணக்கில் ஏறின. மாவட்டம் முழுக்க ஒரே விகிதம் என்ற முறையையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த சுற்றுப் படிவத்தில், நிலத்தின் அருகே பட்டாசு ஆலை உண்டா, எவ்வளவு தூரம், கழிவு எங்கே போகிறது என்று கேள்விகள் நீண்டன. எனக்கு மகிழ்ச்சிதான். சிவகாசிப் பக்கம் கணக்கெடுக்கும் செல்வி, புதுப் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "நீ ஒரு சைபர் போட்ட, எங்களுக்கு ஒரு பக்கம் கூடிப்போச்சு."

ஒழுங்காகக் கணக்கெடுத்தவருக்கு இந்தத் தொழில் தரும் பரிசு, இன்னும் கொஞ்சம் கணக்கெடுப்புதான்.