கீரை என்று சொன்ன செடி

கார்மேகத்துக்குத் தூக்கம் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. சவூதியின் ஜுபைலில் சாரத்தின்மேல் அவன் பக்கத்தில் நின்று வேலை பார்த்த விமல், அவன் கண்முன்னால் விழுந்து செத்தான். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த மஞ்சள் ஹெல்மெட்தான் உருண்டது. தொழிலாளர் கேம்ப் கிளினிக்கில் போய்ச் சொன்னான். பனடால் என்ற தலைவலி மாத்திரையைக் கொடுத்தார்கள். கால் ஒடிந்தாலும் அங்கே பனடால்தான். தூங்காத தலையோடு தினமும் அறுபதடி ஏற வேண்டும். அடுத்து விழப்போவது தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

2006 மார்ச்சில், எதிர் ரூம்காரன் தன் லவ் பேர்ட்ஸ் குருவிகளுக்கு வாங்கிய தீனியில் நான்கைந்து சாம்பல் நிற விதைகள் கண்ணில் பட்டன. உசிலம்பட்டியில் ஒரு சுடுகாட்டுச் சாமியாரின் சுருக்குப்பையில் இதே மாதிரி விதைகளைப் பார்த்திருக்கிறான். கஞ்சா விதை. ஒரு இழுப்பு இழுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது என்பார் சாமியார். கார்மேகமோ பீடியைக்கூடத் தொடாத மனுஷன். இருந்தும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சவூதியில் இதற்கு ஜெயில், சவுக்கடி என்று தெரியாதவனா? தெரிந்தேதான் செய்தான். புத்தி கெட்டவன் என்று யார் வேண்டுமானாலும் திட்டலாம்; ஐந்து மாதம் தூங்காமல் இருந்து பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

கேம்ப்பின் பின்சுவரோரம் ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஊன்றினான். ஒன்றே ஒன்று முளைத்தது. அதை வளர்க்கும் விதம் அவனுக்குத் தெரியாது. மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினான், இலை மஞ்சளித்தது. டீத்தூளைக் கொட்டினான், எறும்பு மொய்த்தது. மணற்காற்றில் தண்டு மடங்கியபோது ஒயரால் கட்டிவைத்துப் பதறினான். பொண்டாட்டி ராக்கம்மா பிள்ளை பெற்றபோதுகூட இந்த மனுஷன் இப்படிப் பதறியதில்லை. செடி இடுப்புயரம் வந்தது, பூக்கவில்லை. காவல் விளக்கு விடிய விடிய அதன் தலையில் எரிந்தது. பாவம், அதுவும் அவனைப் போலவே விழித்துக் கிடந்தது.

பக்கத்துக் கட்டில் அழகுமலைக்குத் தாராபுரம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒருநாள் செடியைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்ணா, புளிச்சக்கீரைங்களா?"

இலை என்னவோ அப்படித்தான் இருந்தது. கார்மேகம் அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஆமாப்பா, புளிச்சக்கீரைதேன். இன்னும் வளரட்டும், கைய வச்சுராத."

ஒரு வெள்ளிக்கிழமை, துணி துவைத்துவிட்டு வந்தவனின் மூக்கில் பூண்டு வாசம் ஏறியது. அடுப்படியில் வெறுங் காம்புகள் கிடந்தன. அழகுமலை சட்டியில் போட்டுக் கடைந்துகொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காதீங்ணா, ரெண்டு கொப்பு கிள்ளீட்டனுங்க. இதத் தின்னு ரெண்டு வருசமாச்சு. புளிப்பே இல்லீங்க, மண்ணு அப்படி. தக்காளி போட்டுச் சரி பண்ணீட்டேன்."

கார்மேகம் அடுப்புப் பக்கத்தில் நின்று யோசித்தான். தின்னாதே என்றால் ஏன் என்பான். ஏன் என்று சொன்னால் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிடும். வெறும் இலைதானே, அதுவும் வெந்த இலை, என்ன செய்துவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான்.

"எனக்கு வயிறு சரியில்லப்பா" என்று சொல்லிக் கட்டிலில் போய்ப் படுத்தான். மற்றவர்கள் மெஸ்ஸுக்குக் கோழி தின்னப் போய்விட்டார்கள். அழகுமலை மட்டும் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துத் தின்றான்.

மூன்று மணிக்கு அவனுக்கு நெஞ்சு படபடத்தது. சுவர் நகர்கிறது என்று அலறினான், வாந்தி எடுத்தான், பாத்ரூம் வாசலில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான். கேம்ப் பாஸ் அவனை வண்டியில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கார்மேகம் பின்பக்கம் ஓடிச் செடியைப் பிடுங்கி சிமெண்ட் சாக்கில் திணித்தான். எங்கே ஒளிப்பது? சுற்றிலும் மணலும் சுவரும், ரூமுக்கு எட்டுக் கட்டிலும்தான். கடைசியில் செப்டிக் டேங்க் மூடியைத் தூக்கி உள்ளே தள்ளினான். கை நாறியது, கழுவியும் போகவில்லை.

பொழுது சாயுமுன் போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்ததில் எல்லாம் தெரிந்துவிட்டது. தலையில் கட்டும் கையில் விலங்குமாக அழகுமலை முன்னால் நடந்தான். டைம்கீப்பர் அருள்ராஜுக்கு அரபி தெரியும், அவனை மொழிபெயர்க்க நிறுத்தினார்கள்.

"இங்கதாங்க இருந்துச்சு. வெறுங் கீரைங்க" என்று அழகுமலை ஈரக் குழியைக் காட்டினான். எத்தனை அதட்டியும் வளர்த்தவன் பெயரை அவன் சொல்லவில்லை. கீரை போட்ட மனுஷனை எதற்கு வம்பில் இழுப்பது என்ற எண்ணம் அவனுக்கு. யாரை விட்டுப் பிடுங்கி ஒளித்தாய் என்று கேட்டு அவனை ஜீப் பக்கம் தள்ளினார்கள்.

கார்மேகத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அருளு, செடி என்னுதுன்னு சொல்லு."

அருள்ராஜ் திரும்பாமலே தணிந்த குரலில் பேசினான். "அண்ணே, சொல்லிட்டா திருப்பி வாங்க முடியாது. நாளைக்கு ராக்கம்மா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அத அப்பறம் பாப்போம். நீ சொல்லு."

அரபியில் அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு விலங்கு வந்தது. விசாரணை முடியும்வரை அழகுமலையையும் விட முடியாது என்று இருவரையும் ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். ஜீப் கேட்டைத் தாண்டியது. அழகுமலை கேட்டான்.

"நான் கடையறப்ப பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமாப்பா."

"அப்பவே தெரியுமுங்களா?"

பொய் சொல்ல கார்மேகத்திடம் இனி எதுவும் மிச்சமில்லை.

"தெரியும்."

அழகுமலை தன் முழங்கால் அவன்மேல் படாதபடி ஒடுக்கி வைத்துக்கொண்டான்.