ஒப்பீட்டு ஆடு

எங்கள் கல்லூரியில் உளவியல் நடத்திய ரஞ்சிதாவின் கையில் பேனாவைப் பார்த்தாலே எனக்குப் பயம். நான் பக்கத்து அறையில் வணிகவியல் நடத்துகிறவள். அவள் பேனாவை ‘டிக்’கென்று அமுக்கினால் யாரோ எதையோ கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்று பொருள்.

முதலில் மாட்டிக்கொண்டவர் அவள் கணவர் பரமசிவம். மூக்கண்டப்பள்ளிக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, குளித்த ஈரத்துண்டைக் கட்டிலில் வீசுகிற மனிதர். துண்டைக் கொடியில் போட்டால் ஒரு டிக், ஒரு அதிரசம். கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டுத் துணியையெல்லாம் எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்துவிட்டார். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த மாமியார், மகனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாக எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்.

2007இல் இந்த வித்தை வகுப்புக்கும் வந்தது. மாணவர்களே ஒரு விலங்கைப் பழக்கிப் பார்த்தால்தான் கற்றல் என்பது என்னவென்று புரியும் என்றாள். வெள்ளெலி வாங்கித் தரச் சொல்லித் தாளாளரிடம் போனாள்.

“ஹாஸ்டல்ல ஓடுற எலியப் பிடிச்சுக்கம்மா. எலி ஒழிஞ்ச மாதிரியும் ஆச்சு, பாடம் நடத்துன மாதிரியும் ஆச்சு” என்றார் அவர்.

மாநில எல்லையோரம் உள்ள வேப்பனப்பள்ளிப் பக்கமிருந்து வந்துபோகும் மாணவி காவியாவின் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கிடாக்குட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. காலேஜில் தீனி போடுவார்கள் என்றதும் அவள் அம்மா சாந்தம்மா இரண்டையும் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இறக்கிய பிறகுதான் காவியா விஷயத்தைச் சொன்னாள். கறுப்பு, மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. பண்டிகையன்று அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைக் குலுக்கினால், ஊர்ப் பேச்சில் துலுக்கினால், அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று வெட்டுவார்கள். துலுக்காவிட்டால் விட்டுவிடுவார்கள்.

“துலுக்காம நிக்கப் பழக்கிடலாமா மேடம்?”

ரஞ்சிதா ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு கை, பிறகு ஒரு சொம்பு. கறுப்பு அசையாமல் நின்றால் டிக், உடனே நிலக்கடலை. கடைசியில் மழை பெய்து எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினாலும், அது மட்டும் மைதானத்தில் சிலை மாதிரி நின்றுகொண்டு ரஞ்சிதாவின் ஜன்னலையே பார்த்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

“செவலையையும் பழக்கிடலாம் மேடம்” என்றாள் காவியா.

“கூடாது. பழக்காத ஆடு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் நம்ம பழக்குனதால இது நடந்ததுன்னு நிரூபிக்க முடியும். அது ஒப்பீட்டு ஆடு.”

ஒப்பீட்டு ஆடு சும்மாவே கடலை தின்றது. என் முந்தானையையும் தின்றது. வேறு எந்தப் பொறுப்பும் அதற்கு இல்லை.

பண்டிகைக்கு வகுப்பே கிளம்பிப் போனது. நானும் ஒட்டிக்கொண்டேன். ஆடுகளும் ஊருக்குத் திரும்பியிருந்தன. பூசாரி முனிவேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கறுப்பு நின்றது. மறுபடி தெளித்தார். அம்மனைத் தமிழில் கேட்டார், தெலுங்கில் கெஞ்சினார், கன்னடத்தில் அதட்டினார். கறுப்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“வீட்டுல ஏதோ குத்தம் இருக்குது. யாருன்னாலும் சொல்லிடுங்க” என்றார்.

காவியாவின் அப்பா கோவிந்தப்பன், போர்வெல் தண்ணீர்த் தகராறில் பேச்சை விட்டிருந்த தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். தண்ணீர் தெளித்தார்கள். ஆடு நின்றது. காவியாவின் அண்ணன் மாதேஷ் முன்னால் வந்து, அத்தை செத்துப்போனதாகச் சொல்லிக் கம்பெனியில் லீவு எடுத்ததை ஒப்புக்கொண்டான். பக்கத்தில் நின்றிருந்த அத்தை வெங்கடம்மா அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள். ஆடு அப்போதும் நின்றது. ஊரே வரிசையில் வந்து நல்லவர்களாகிக்கொண்டிருந்தது. காவியா என் கையைப் பிடித்து நசுக்கினாள். ரஞ்சிதாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

முனிவேல் சொம்பைக் கீழே வைத்தார். “அம்மா இத வேணாங்கறா. வேற ஒன்னு கொண்டாங்க.”

“இதோட கூடப் பொறந்தது இருக்குதுங்களே” என்றார் சாந்தம்மா.

ரஞ்சிதா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். “அது வேண்டாம்மா! அது... அது ஒப்பீட்டு ஆடும்மா!”

“எதுவா இருந்தா என்னாங்க டீச்சரம்மா, ஆடுதானே?”

முதல் சொட்டு விழுந்ததுமே செவலை தலையிலிருந்து வால்வரை ஒரு துலுக்கு துலுக்கியது. பம்பை முழங்கியது. அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்ததால்தான் அம்மன் மனம் இறங்கினாள் என்று ஊர் மெச்சிக்கொண்டது. எங்கள் பரிசோதனை அப்பழுக்கில்லாமல் நிரூபணமானது.

அரிவாள் இறங்கியபோது ரஞ்சிதா கண்ணை மூடிக்கொண்டு கையை இறுக்கினாள். கைக்குள் பேனா இருந்தது. டிக்.

அவிழ்த்துவிட்டிருந்த கறுப்பு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவள் முன்னால் நின்றது.

“குடுங்க மேடம்” என்றாள் காவியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அவ்ளோ நேரம் நின்னுச்சே.”

ரஞ்சிதா பைக்குள் கைவிட்டுக் கடலையை அள்ளி நீட்டினாள். கறுப்பு நிதானமாக மென்று முடித்தது. பிறகு அங்கும் இங்கும் திரும்பிப் பார்த்து, செவலையைத் தேடிக் கத்த ஆரம்பித்தது. அதை எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை.